பெயரடைவை உருவாக்கியவர்களின் பெயரும் பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தம் முன்னோர் யார், எங்கே வாழ்ந்தனர், எப்போது பிறந்து எப்போது மறைந்தனர் என்று தேடிக் கண்டறிந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். நானும் வம்சாவளி ஆய்வில் நெடுநாளாக ஈடுபட்டு வருகிறேன். அந்த உரிமையில் ஒரு குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இத்தகைய கட்டுரைகளிலும், குடும்பத்தினர் தாமே அச்சிட்டுக்கொள்ளும் குலவரலாற்று நூல்களிலும், இணையத்தில் உள்ள குடும்ப மரங்களிலும், 'பழைய பதிவேடுகளிலிருந்து கிடைத்தது' என்ற ஒற்றை வரியோடு ஆதாரக் குறிப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் பதிவேட்டை எழுத்தெழுத்தாகப் படித்து, பிறர் தேடிக் கண்டெடுக்கும் வடிவில் எழுதி வைத்தவர் யார் என்பதைப் பெரும்பாலும் எவரும் குறிப்பிடுவதில்லை. இது நன்றி சொல்ல மறந்த சிறு பிழையாகவே கருதப்படுகிறது. என் கருத்தில் இது ஆய்வின் நம்பகத்தன்மையையே குலைக்கும் பெரிய பிழை.

இன்று வம்சாவளி தேடும் ஒருவர் மூலப் பதிவேட்டைப் புரட்டித் தொடங்குவது அரிது. முதலில் ஒரு பெயரடைவில், அதாவது பதிவேட்டில் உள்ள பெயர்களைத் தேடுவதற்கேற்பத் தொகுத்த பட்டியலில், பெயரைக் கொடுத்துத் தேடுகிறார். அது காட்டும் வழியில்தான் பதிவேட்டின் உரிய பக்கத்தை அடைகிறார். அந்தப் பெயரடைவுகளில் மிகப் பல, ஊதியம் எதுவும் பெறாதவர்களின் உழைப்பால் உருவானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அடைவை யாவரும் கட்டணமின்றித் தேடும்படி அமைத்துவரும் ஃப்ரீபிஎம்டி திட்டம் 1998இல் தொடங்கியது. அதன் வரிகளைத் தட்டச்சு செய்து சேர்த்தவர்கள் தன்னார்வலர்கள். அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள், 72 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்து 2012 ஏப்ரல் 2 அன்று வெளியிடப்பட்டபோது, பக்கங்களின் படங்கள்தாம் கிடைத்தன. ஒருவரைப் பெயர் சொல்லித் தேட வழியில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கைகோத்து, ஏறத்தாழ 13 கோடியே 20 லட்சம் பேரின் விவரங்களைச் சில மாதங்களுக்குள் தேடக்கூடியவையாக மாற்றினர். அந்த அடைவில் தன் பாட்டனாரை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பவர், அந்த ஒரு நிமிடத்தை யார் சாத்தியமாக்கினார்கள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

படியெடுத்தல் என்பது பார்த்து எழுதுவதுதானே என்று எண்ணுகிறவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுத் திருச்சபைப் பதிவேடு ஒன்றின் ஒரு பக்கத்தையாவது படிக்க முயன்று பார்க்க வேண்டும். அக்கால ஆங்கிலக் கையெழுத்தில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும். ஜெர்மன் பதிவேடுகளில் காணப்படும் குர்ரெண்ட் என்னும் பழைய கையெழுத்து முறையை இன்று ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலரால் படிக்க இயலாது. கத்தோலிக்கப் பதிவேடுகளில் மக்களின் பெயர்கள் லத்தீன் வடிவில் எழுதப்பட்டிருக்கும். ஏட்டில் யாக்கோபுஸ் என்று இருப்பவர் வீட்டில் ஜேம்ஸ் என்று அழைக்கப்பட்டவராக இருக்கலாம். இவற்றையெல்லாம் கடந்த பிறகு, நாட்காட்டி ஒரு தனிச் சிக்கலாக வந்து நிற்கும். 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ஆகவே ஏட்டில் 1720 பிப்ரவரி என்று எழுதப்பட்டிருக்கும் ஒரு ஞானஸ்நானம் இன்றைய கணக்கில் 1721 பிப்ரவரியில் நடந்ததாகும். படியெடுத்தவர் ஏட்டில் கண்டபடியே 1720 என்று விட்டுவிட்டாரா, தாமே 1721 என்று திருத்திக்கொண்டாரா, அல்லது ஆய்வாளர் வழக்கப்படி 1720/21 என்று இரண்டையும் காட்டினாரா என்பது தெரியாமல் போனால், பெற்றோரின் திருமணத்துக்கும் பிள்ளையின் பிறப்புக்கும் இடையில் ஓராண்டு கூடியோ குறைந்தோ, ஒரு குழந்தை வேறொரு தம்பதியின் பிள்ளையாகிவிடக்கூடும்.

மேலே சொன்ன ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதர் நின்று, ஆராய்ந்து, ஒரு முடிவை எடுத்திருக்கிறார். இந்தப் பெயர் இப்படித்தான் படிக்கப்பட வேண்டும், இந்தத் தேதி இப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. தீர்ப்பை எடுத்துக்கொண்டு, அதை வழங்கியவரின் பெயரை நீக்கிவிட்டால், பின்னால் வருகிறவருக்கு அதை எடைபோட என்ன வழி இருக்கிறது? அவர் அந்த வட்டாரத்தின் குடும்பப் பெயர்களை நன்கு அறிந்தவரா, அந்த மொழியில் பயிற்சி உள்ளவரா, அவர் படியெடுத்த மற்ற பக்கங்கள் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று எதையும் கேட்டறிய முடியாது. பெயர் இருந்தால், ஐயம் தோன்றுமிடத்தில் அவரையே அணுகிக் கேட்கலாம். அவர் மறைந்துவிட்டாலும் அவருடைய பிற படிகளோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வரலாம். தன்னார்வலர் பெயரை ஆதாரத்தின் உறுப்பாக நான் கருதுவது இதனால்தான்.

வம்சாவளி ஆய்வில் மிக அதிகமாக ஏமாற்றுவது, ஒரே செய்தி பல இடங்களில் காணப்படுவதால் பிறக்கும் நம்பிக்கை. ஒரு தன்னார்வலர் ஒரு கல்லறைக் கல்லைப் படித்து, தேய்ந்துபோன எண்ணை 1826 என்று குறித்து வைக்கிறார் என்று கொள்வோம். அந்தக் குறிப்பை இருபது குடும்ப மரங்கள் அவர் பெயரின்றி எடுத்துக்கொள்கின்றன. இருபத்தோராவது ஆய்வாளர் பார்க்கும்போது இருபது சாட்சிகள் ஒருமித்துச் சொல்வதுபோல் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது ஒரே சாட்சி. கல்லில் உள்ளது 1828 என்று வேறொருவர் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டினாலும், இருபதுக்கு எதிராக ஒன்று என்று அவர் சொல் எடுபடாமல் போகும். அந்த இருபது பதிவுகளிலும் முதலில் படித்தவரின் பெயர் நின்றிருந்தால், அவை அனைத்தும் ஓரிடத்திலிருந்து கிளம்பியவை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியிருக்கும். அமெரிக்காவில் 1964 முதல் இயங்கிவரும் வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் பின்பற்றும் ஆதார நெறியின் ஐந்து கூறுகளில் ஒன்று, ஒவ்வொரு தகவலுக்கும் முழுமையான, துல்லியமான மூலக் குறிப்புத் தருதல். படியெடுத்தவரை விட்டுவிட்ட குறிப்பை முழுமையானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மூல ஏடே அழிந்துபோன இடங்களில் இதன் கனம் இன்னும் நன்றாகத் தெரியும். 1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, டப்ளினில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு கால உயில்களும், திருச்சபைப் பதிவேடுகளும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் சாம்பலாயின. இன்று ஐரிஷ் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் பெரிதும் நம்பியிருப்பது, தீ விபத்துக்கு முன்பே அந்த ஏடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்த ஆய்வாளர்களின் கையேடுகளைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பெத்தம் எடுத்து வைத்த உயில் சுருக்கங்களும், அவருக்குப் பின் வந்த குரோவ்ஸ், திரிஃப்ட் போன்றோரின் குறிப்புகளும் இன்றும் அவரவர் பெயராலேயே அறியப்படுகின்றன. இவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள் அல்லர். பெத்தம் அரசுப் பதவியில் இருந்தவர். ஆயினும் என் வாதத்துக்கு அவர்கள் தக்க சான்று. மூலம் இல்லாமல் போன பிறகும் அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் துணிந்து பயன்படுத்துவதற்கு ஒரு காரணம், அவை எவர் கையிலிருந்து வந்தவை, அவர் எதைப் பார்த்து எழுதினார், எதை விட்டுவிட்டார் என்பது தெரிந்திருப்பதுதான். இன்று நாம் பெயரை நீக்கிப் பரப்பும் ஒரு படி, நாளை ஒரு தீயிலோ வெள்ளத்திலோ மூலம் அழிந்த பிறகு எஞ்சும் ஒரே சான்றாகிவிடக்கூடும். அன்று அதை எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இன்னொரு பணியையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய காலத்தில், 1850, 1860ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் எழுதப்பட்டது. அடிமைப்பட்டோரின் வயதும் பாலினமும் நிறமும் குறிக்கப்பட்டன. மிகச் சில விதிவிலக்குகள் தவிர அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865இல், விடுதலை பெற்றவர்களுக்காக அமைக்கப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்னும் அரசு அமைப்பின் ஆவணங்களில் அவர்களுள் பலரின் பெயர்கள் முதன்முறையாக எழுத்தில் ஏறின. அந்த ஆவணங்களுக்குப் பெயரடைவு உருவாக்கும் பணி 2015 ஜூனில் தொடங்கி ஓராண்டில் முடிவுற்றது. 25,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பெயர்களை மீட்டெடுத்தனர். ஒரு குடும்பம் தன் கொள்ளுத்தாத்தாவின் தந்தையை 'வயது 30, ஆண்' என்ற வரியிலிருந்து விடுவித்து ஒரு பெயரோடு அறிந்துகொள்ள இவர்களுடைய உழைப்பு உதவியிருக்கிறது. பெயர் மறுக்கப்பட்டவர்களுக்குப் பெயரைத் திருப்பித் தந்தவர்களை, ஒரு திட்டமாகவேனும் குறிப்பிடாமல் அந்தக் கண்டுபிடிப்பை எவரும் தம்முடையதாக எழுதிக்கொள்வது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். சட்டம் இவ்விடத்தில் தன்னார்வலருக்கு அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் நிறுவன வழக்கில், ஒரு தொகுப்புக்காகச் செலவிட்ட உழைப்பு மட்டுமே அதற்குப் பதிப்புரிமை தந்துவிடாது என்றும், தகவல்கள் எவருக்கும் சொந்தமல்ல என்றும் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் தரவுத்தளங்களுக்கென்று 15 ஆண்டு காலப் பாதுகாப்பை ஏற்படுத்தியது. அதுவும் தரவுத்தளத்தை உருவாக்க முதலீடு செய்தவருக்கு உரியது, வரி வரியாகத் தட்டச்சு செய்தவருக்கு உரியதல்ல. படைப்பாளி தன் பெயர் சுட்டப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைப் பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1928 முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பதிவேட்டு வரியொன்றின் படி, படைப்பாகக் கருதப்படுவது கடினம். கல்லறைக் கல்லின் புகைப்படம் வேறு. அதை எடுத்தவருக்குப் பல நாடுகளில் பதிப்புரிமை உண்டு, அனுமதியின்றி எடுத்தாள்வது தவறு. ஆக, பிறந்த தேதியை எடுத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்காது என்பது உண்மையே. அந்தத் தேதி அனைவருக்கும் பொதுவாக இருப்பதையே நானும் விரும்புகிறேன். அதை ஏட்டிலிருந்து வெளிக்கொணர்ந்தவரின் பெயரை அதோடு சேர்த்தே கொண்டுசெல்லும் பொறுப்பு மட்டும் சட்டப் புத்தகத்துக்கு வெளியே, ஆய்வாளர்களின் நேர்மையில் இருக்கிறது.

தன்னார்வலர்கள் புகழுக்காக உழைப்பதில்லையே, அவர்களே கேட்காததை நாம் ஏன் வற்புறுத்த வேண்டும் என்ற எதிர்வாதம் உண்டு. அவர்கள் கேட்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மை. கேட்காமல் இருப்பதால் அவர்களுக்கு உரியது இல்லாமல் போய்விடாது. மேலும், நான் அறிந்த அளவில், பலர் பணியை நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் களைப்பு அன்று. தாம் இரவெல்லாம் கண் விழித்துச் சேர்த்த பக்கங்கள், வேறொருவர் பெயரில், சில நேரம் கட்டணம் வசூலிக்கும் தளங்களில், தம்மைப் பற்றிய ஒரு சொல்லும் இன்றி வெளியாவதைக் கண்ட பிறகு கை ஓய்ந்துவிடுகிறது. ஒருவர் விலகினால் அவரோடு போவது ஓர் ஆளின் உழைப்பு மட்டுமல்ல. அந்தப் பதிவேட்டின் எழுத்தர் எந்த எழுத்தை எப்படிச் சுழிப்பார் என்று பல ஆண்டுப் பழக்கத்தில் அவர் அறிந்து வைத்திருந்ததும் போய்விடும்.

ஒரே பக்கத்தில் பல கைகள் பட்டிருக்கும்போது யாரைக் குறிப்பிடுவது என்ற கேள்வி நியாயமானது. சில திட்டங்களில் ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படியெடுத்து, வேறுபாடு வரும் இடங்களில் மூன்றாமவர் தீர்மானிப்பது வழக்கம். அங்கே தனிமனிதரின் பெயர் வெளியில் தெரியாது. அப்படியானால் திட்டத்தின் பெயரையும், தன்னார்வலர்களால் படியெடுக்கப்பட்டது என்பதையும், அடைவைப் பார்த்த நாளையும் எழுதலாம். பெயர் வெளியாவதை விரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் விருப்பத்தை மதித்தே ஆக வேண்டும். மரபணுச் சோதனைக்கு உமிழ்நீர் மாதிரி கொடுத்து உதவும் தொலை உறவினர்கள் விஷயத்தில் இது இன்னும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது, ஏனெனில் அவர்களுடைய பெயர் வெளியானால் அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள் பற்றிய செய்திகளும் சேர்ந்து வெளியாகிவிடக்கூடும். அவர்களிடம் எழுத்தில் இசைவு பெற்ற பிறகே பெயரிட வேண்டும்; இசையாவிட்டால், உறவினர் ஒருவர் உதவினார் என்று எழுதுவதே முறை.

குறிப்பு எழுதுவது கடினமும் அன்று. மூலப் பதிவேட்டின் பெயர், அது இருக்கும் காப்பகம், பக்க எண், அதன் பின் 'இன்னார் படியெடுத்தது', படியெடுத்த ஆண்டு, பார்த்த நாள்: இரண்டு வரியில் அடங்கிவிடும். மூலப் படத்தைத் தாமே பார்த்துச் சரிபார்த்தாரா, படியை மட்டும் பார்த்தாரா என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். படியை மட்டும் பார்த்துவிட்டு மூலத்தை மேற்கோள் காட்டுவது, தன்னார்வலரின் உழைப்பை மறைப்பதோடு வாசகரையும் ஏமாற்றுவதாகும். குடும்ப மரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படும் ஜெட்காம் கோப்பு வடிவம் 1980களிலேயே உருவானது. கோப்பை அளித்தவர், மூலம், மூலத்தை எழுதியவர், அது இருக்கும் காப்பகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் இருக்கிறது. கருவியில் குறை இல்லை. பிறர் மரத்திலிருந்து ஒரு கிளையை இழுத்துத் தம் மரத்தில் ஒட்டும்போது அந்த இடங்களைக் காலியாக விட்டுவிடும் அவசரத்தில்தான் குறை இருக்கிறது.

இப்போது கையெழுத்தைக் கணினியே படிக்கத் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரல் 1 அன்று வெளியான அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை முதலில் செயற்கை நுண்ணறிவு படித்தது; பின்னர் தன்னார்வலர்கள் அதைச் சரிபார்த்தனர். இனி மனிதர் தேவையில்லை என்று இதைக் காட்டிச் சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். இத்தகைய நிரல்கள் மனிதர்கள் முன்பே படியெடுத்து வைத்த பக்கங்களை வைத்துத்தான் படிக்கக் கற்கின்றன. பெயரில்லாமல் போன உழைப்பு இங்கே இரண்டாம் முறையும் பெயரில்லாமல் பயன்படுகிறது. கணினி படித்த அடைவு எது, மனிதர் சரிபார்த்தது எது என்று பிரித்துக் காட்டுவதை ஒவ்வொரு தளமும் கட்டாயமாக்க வேண்டும்; இரண்டையும் ஒரே தோற்றத்தில் காட்டுவது ஆய்வாளரைத் தவறான துணிவுக்கு ஆளாக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நெறி புதியதன்று. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், ஏடு கொடுத்து உதவியவர்களையும் ஒப்புநோக்க உடனிருந்தவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். எந்தப் பிரதி யாரிடமிருந்து கிடைத்தது என்பது அங்கே நன்றியறிதலாகவும் இருந்தது, பாடத்தின் தகுதியை அளக்கும் கருவியாகவும் இருந்தது. வம்சாவளி ஆய்வாளரிடம் நான் எதிர்பார்ப்பதும் அதே ஒழுங்கைத்தான்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குடும்ப வரலாறு பற்றிய கட்டுரையை வெளியிடுவதற்கு முன், அதில் உள்ள தேதிகளையும் பெயர்களையும் எந்தப் படியிலிருந்து எடுத்தார், அதைப் படியெடுத்தவர் அல்லது படியெடுத்த திட்டம் எது, புகைப்படம் எடுத்தவர் யார், அவரிடம் அனுமதி பெறப்பட்டதா என்று கட்டுரையாளரிடம் கேளுங்கள். கிடைக்கும் விடையைக் கட்டுரையின் அடியில், மூலப் பதிவேட்டின் பெயரை அச்சிடும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். இடப் பற்றாக்குறையால் ஏதேனும் ஒன்றை வெட்ட நேர்ந்தால், கட்டுரையின் அலங்காரப் பத்திகளில் ஒன்றை வெட்டுங்கள். அந்த இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வம்சாவளி ஆய்வில் ஈடுபட்டுள்ள தங்கள் வாசகர்